ஆறாத ஆணிகள்

ஆயிரத்து எழுநூற்று அறுபத்து மூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹெஸ்டர் பார்ஜிட்டர் அடித்த ஆணிகள் இன்னும் ஆறவில்லை. எங்கள் டாரோ ஹீத்தில் ஆணி அடிக்காத வீடு கிடையாது. கொல்லைக்கு ஓர் உலை, உலைக்கு ஒரு பெண், அவ்வளவுதான் ஊர். மற்றவர்கள் அடித்த ஆணிகள் தரையில் விழுந்து ஒரு ஜெபம் சொல்லும் நேரத்துக்குள் குளிர்ந்துவிடும். ஹெஸ்டருடையவை அப்போதுதான் இட்ட முட்டையின் சூட்டில் நின்றுவிட்டன. தேவாலயக் கதவில் அவற்றை அறைந்தார்கள், கதவில் பனி ஒட்டவில்லை. ரொட்டிக்காரர் மாவுத் தொட்டிக்கு அடியில் ஒரு பிடி போட்டுவைத்தார், மாவு சீக்கிரம் பொங்கியது. வின்கோட் சீமாட்டி ஞாயிறுதோறும் கையுறைக்குள் இரண்டை வைத்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தார். காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஹெஸ்டர் பாட்டுக் கட்டிக்கொண்டே ஆணி அடித்தாள். கம்பியைக் கூராக்க ஐந்து அடி, துண்டிக்க ஒன்று, தலையைப் பரப்ப இரண்டு. எட்டு அடிக்கு ஓர் ஆணி, ஓர் ஆணிக்கு ஒரு வரி. மாலையில் மனதில் நின்றதைக் கரித்துண்டால் உலைக் கதவில் எழுதிவைப்பாள்.

அடுத்த உலைக்காரி கெசையா நோக் என்பவளுக்கு இது பிடிக்காது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். "ஏன்டி ஹெஸ்டர், ஆணி அடிக்கிறியா, பிரசங்கம் பண்றியா?"

"ரெண்டும்தான். உனக்கு எது வேணும்?"

"ஆணியக் குடு, காலுக்குக் கீழ வச்சுக்கறேன். பாட்ட மாட்டுக்குப் போடு."

ஹெஸ்டரின் கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு இருமலில் இரத்தம் வரத் தொடங்கியபோது, ஏழைகளுக்குப் பொறுப்பான ஊர்ப் பெரியவர்கள் வந்து உலையைப் பார்த்தார்கள், பிறகு அவள் மகள் லெட்டியைப் பார்த்தார்கள். தாயால் சுத்தியல் தூக்க முடியாமல் போனால் தாய்க்கு ஏழை விடுதி; ஏழு வயது லெட்டிக்கு நாற்பது மைல் தள்ளி ஊசிப் பட்டறை. அதுதான் வழக்கம். அந்த வாரமே வின்கோட் சீமாட்டியின் வண்டி ஆணி வாங்க வந்தது, சீமாட்டி கதவில் இருந்ததைப் படித்தார். இதைப் புத்தகமாக அச்சிடலாம், தாயும் மகளும் பிரியாமல் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் புத்தகத்தை வாங்குவதாக முன்கூட்டியே பெயர் பதிந்த நகரத்துக் கனவான்கள், ஆணிக்காரி ஒருத்தி பாட்டு எழுதினாள் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். ஆறாத ஆணியை அவர்கள் நம்பினார்கள். ஆளுக்கு ஒன்று அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்கள். பாட்டைத்தான் நம்ப முடியவில்லை.

ஆகவே தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதிரியார் டில்லியார்டின் வரவேற்பறையில் ஹெஸ்டரை உட்காரவைத்து, காகிதமும் இறகுப் பேனாவும் கொடுத்துக் கதவைப் பூட்டினார்கள். 'நன்றியுணர்வு' என்பது சீமாட்டி கொடுத்த தலைப்பு. மதிய உணவு மணி அடிக்கும்வரை நேரம். நாற்காலி மெத்தை வைத்தது, தரையில் கம்பளம் விரித்திருந்தது. ஹெஸ்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தாள், மேசையில் தட்டிப் பார்த்தாள். எங்கும் இரும்பின் ஓசை இல்லை. இரண்டு மணி நேரம் காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. வெளியே லெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கெசையா, ஜன்னல் வழியாக ஹெஸ்டரின் வலது கை வெறும் காற்றில் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். வேறு யார் பார்த்திருந்தாலும் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். கெசையாவும் ஆணிக்காரி. ஆணிக்காரிகள் கைக்குப் பழகிய சுத்தியலை எங்கே போனாலும் விட்டுப் போவதில்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியிலிருந்து தன்னுடையதை எடுத்து, வாசல் கம்பிக் கதவில் அடிக்க ஆரம்பித்தாள். ஐந்து, ஒன்று, இரண்டு. ஐந்து, ஒன்று, இரண்டு.

ஹெஸ்டர் நிமிராமல் இருபத்தெட்டு வரி எழுதினாள். மணி அடித்ததும் வாங்கிப் படித்த சீமாட்டி ஒன்பதாம் வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிரியார் கெட்ட மனிதர் அல்ல. நகரத்து நண்பர்கள் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர். சுத்தியல் சத்தம் தொடங்கியதும் எழுத்து தொடங்கியது, அது நின்றதும் எழுத்து நின்றது என்பதை அவர் கவனித்திருந்தார். கெசையாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"என்னம்மா, வெளியில இருந்து ஜாடை குடுத்தியா?"

"ஐயா, என் பேரையே எனக்கு எழுதத் தெரியாது. நான் எங்கிருந்துங்கய்யா பாட்டு அனுப்புறது?"

"அப்புறம் எதுக்குத் தட்டின?"

"அவளுக்குச் சத்தம் வேணும்னு தோணுச்சு. தண்ணி கேட்டா குடுக்க மாட்டோமா, அப்படித்தான்."

இது அத்தாட்சி ஆகாது என்று பாதிரியாரும் சீமாட்டியும் முடிவு செய்தார்கள். காகிதத்தை அடுப்பில் போட்டார்கள். அது சாதாரணக் காகிதம் போலவே எரிந்தது.

வழியெல்லாம் கெசையா அழுதாள். "பாவி, நானே கெடுத்துட்டேனேடி."

"போடி," என்றாள் ஹெஸ்டர். "இருபத்தெட்டும் வந்துச்சுல்ல."

நவம்பரில் அவள் ஏழை விடுதியில் இறந்தாள். அதற்கு முன்பே லெட்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். வண்டி ஏறும்போது கெசையா ஓடிவந்து, பிள்ளையின் பாவாடை மடிப்பில் ஓர் ஆணியைத் தைத்து அனுப்பினாள். காலுக்குக் கீழே வைத்துக்கொள்ளத் திருடியதில் ஒன்று என்று பிறகு ஒப்புக்கொண்டாள். ஊசிப் பட்டறையின் மாடியில் நெருப்பு கிடையாது. அந்த ஒரே ஆணியை நடுவில் வைத்து ஏழு பிள்ளைகள் சுருண்டு படுத்தார்கள். பதினோரு குளிர்காலத்தில் அந்தப் படுக்கையிலிருந்து ஒரு பிள்ளையைக்கூடப் புதைக்க எடுத்துப் போகவில்லை. இதை எங்கள் ஊரில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கொடுத்தவளுக்குக்கூடத் தெரியாமல் கர்த்தர் பெருக்கிவைக்கும் காரியங்கள் உண்டு.

ஹெஸ்டரின் சவப்பெட்டியை அவளுடைய ஆணிகளாலேயே கெசையா அறைந்தாள். அந்தக் குழிமேட்டில் பனி தங்குவதில்லை. இடையர்கள் விறைத்துப்போன குட்டிகளை அங்கே கிடத்தி எழுப்பிக்கொண்டு போகிறார்கள். ஜனவரி ஞாயிறுகளில், ஆராதனை முடிந்ததும், கிழவராகிவிட்ட பாதிரியார் டில்லியார்ட் அங்கே வந்து நின்று, கையுறையைக் கழற்றி, இரண்டு கையையும் மண்மேல் வைக்கிறார். கெசையா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பாள். சற்று நகர்ந்து இடம் விடுவாள்.