சத்தமாகப் பாடிய வீடு

ஆராதனை முடிந்து ஸ்கூட்டியை எடுக்கப் போனபோதுதான் ரத்தினபாய் ஆன்ட்டி பக்கத்தில் வந்து நின்றார். சபையின் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

“என்னம்மா ஜெயசீலி, கேட்டைப் பூட்டினதைப் பத்தியெல்லாம் எழுதுறியாமே?”

ஜெயசீலி சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் குனிந்தாள். “எந்த கேட் ஆன்ட்டி?” என்றாள்.

“நல்லா எழுதும்மா. கர்த்தருடைய நாமம் மகிமைப்படுற மாதிரி எழுது.” தோளைத் தட்டிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையோரமாக வண்டியை ஓட்டி வரும்போது, அந்தக் கேட்டைப் பற்றி யாருக்கெல்லாம் தெரியும் என்று யோசித்தாள். அவள் எழுதியதைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சேலையூரில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் தினகரன். பெருவெள்ளம் வந்த ஆண்டைப் பற்றி, இதுவரை எழுதியே பழக்கமில்லாதவர்களை எழுத வைத்து ஒரு தொகுப்பு கொண்டுவருகிறார். இன்னொருத்தி தீபா. புதிதாக எழுதுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகத் தினகரன் ஏற்பாடு செய்த பெண். வாரம் ஒரு முறை ஜெயசீலியோடு போனில் பேசுவாள்.

“எந்த இடத்துல கை நிக்குதோ அங்கதான்க்கா கதை இருக்கு. பயப்படாம எழுதுங்க” என்பாள் தீபா.

“எது வந்தாலும் நான் கூட நிக்கிறேன் மேடம்” என்பார் தினகரன்.

கூட நிற்கிறவர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்பார்கள் என்று ஜெயசீலிக்கு எப்போதுமே சந்தேகம்தான். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் சபைவரைக்கும் நடந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யார்?

அந்த வெள்ளத்தின்போது அவர்கள் வீடு அனகாபுத்தூரில், ஆற்றுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மாடியில் இவர்கள், கீழே தனம் குடும்பம் வாடகைக்கு. தண்ணீர் ஏறிய அன்று ஜெயசீலி வீட்டில் இல்லை. ரயில்கள் நின்றுபோய்த் தாம்பரம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் கணவன் ஆபேலும் இரண்டாம் வகுப்பு படித்த மகள் ஜெனியும் மட்டும். மாடிப்படியின் இரும்பு கேட்டை ஆபேல் பூட்டினான். கீழ்வீட்டாரை ஏற்றினால் சந்தே ஏறிவிடும், பழைய தளம் தாங்காது என்று பயந்தான். இடுப்பில் பிள்ளையோடு தனம் கேட்டைத் தட்டினாள். பிறகு எப்படியோ தப்பித்துக்கொண்டாள். தண்ணீர் வடிந்ததும் இவர்கள் சிட்லபாக்கத்துக்குக் குடிவந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் சபையில் ஆபேல் சாட்சி சொல்வான். வெள்ளத்தின் நடுவே நானும் என் மகளும் பாடிக்கொண்டே இருந்தோம், கர்த்தர் எங்களைக் காத்தார் என்று. கணக்கு வாத்தியார். அளந்து பேசுவான். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பூட்டிய கேட்டை ஜெயசீலி எழுதிவிட்டாள். இன்னும் எழுதாத ஒன்று இருந்தது. ஜெனி சின்ன வயதில் ஒரு தடவை அவளிடம் சொன்னது. அதை எழுத உட்கார்ந்தால் விரல் லேப்டாப் விசையின் மேலேயே நிற்கும். எதிர்வீட்டில் யாரோ உலர்த்திய துணி காய்ந்து, அதை எடுத்தும் போயிருப்பார்கள். அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ரத்தினபாய் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு எழுத ஓடவில்லை. ஒரு வழி தோன்றியது. தீபாவுக்கு அனுப்பிய பிரதியில், வெள்ளத்தில் ஒரு செவலை நாய் நீந்தி வந்து கேட்டடியில் நின்றதாக ஒரு பத்தி சேர்த்தாள். தினகரனுக்கு அனுப்பியதில் நாய் இல்லை. தண்ணீரில் மிதந்துகொண்டே பேசிய ஒரு ரேடியோ இருந்தது. இரண்டுமே பொய். சபையில் நாய் குரைத்தால் வெளியே சொன்னது தீபா, ரேடியோ பேசினால் தினகரன்.

மறுநாளே தீபா கூப்பிட்டாள். “அக்கா, இந்த நாய் எங்கேர்ந்து வந்துச்சு?”

“ஏன்? வெள்ளத்துல நாய் வராதா?”

“வரும். ஆனா இது உங்க நாய் இல்ல. மத்ததெல்லாம் சொல்ல முடியாம சொல்றீங்க. இத மட்டும் ஈஸியா சொல்லிட்டீங்க. என்னவோ ஒளிக்கிறீங்கக்கா.”

ஜெயசீலி பேச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டாள். இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறவள் இதை எங்கெல்லாம் கொண்டுபோவாளோ என்றுதான் ஜெயசீலிக்கு ஓடியது.

தினகரனோ, “அந்த ரேடியோ! பிரமாதம் மேடம்” என்றார். பொய்யையே பிரமாதம் என்கிறவர்; அவர்மேல் இருந்த சந்தேகம் வேறு விதமாக முற்றியது.

வெள்ளிக்கிழமை வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகும் ரத்தினபாய் மட்டும் கிளம்பவில்லை. நாயா ரேடியோவா என்று ஜெயசீலி காத்திருந்தாள்.

“ஏம்மா, கதவு தட்டுற சத்தம் கேக்கக்கூடாதுன்னு பிள்ளைய சத்தமா பாடச் சொன்னாராமே ஆபேல்? அதையுமா எழுதப் போற?”

ஜெயசீலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஜெனி சொன்னது அதுதான். அது எந்தப் பிரதியிலும் இல்லை.

பிளஸ் டூ படிக்கும் ஜெனி டியூஷனிலிருந்து வந்து பையை வைப்பதற்குள் ஜெயசீலி பிடித்துக்கொண்டாள்.

“யார்கிட்டடி சொன்ன?”

“எத?”

“டாடி உன்னைச் சத்தமா பாடச் சொன்னத.”

“நான் ஏன் மம்மி சொல்றேன், எனக்கென்ன பைத்தியமா? நீதான் டெய்லி காலையில சொல்ற.”

“நானா? யார்கிட்ட?”

“இயேசப்பாகிட்ட. ‘ஆண்டவரே, தனம் தட்டினது கேக்கக்கூடாதுன்னு பிள்ளையைப் பாட வச்சாரே, அத எழுத எனக்குப் பெலன் தாரும்’னு. மைக் ஒண்ணுதான் இல்ல. கீழ் வீட்டு மாமிக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.”

ஜெயசீலி சோபாவில் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே வாய்விட்டு ஜெபிக்கிறவள். கர்த்தரிடம் சொல்வது மனிதர் யாரிடமும் சொன்னதாகாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அடுத்த அறையில் ஆபேல் சவரம் செய்துகொண்டிருப்பான் என்பது அவள் நினைவுக்கே வந்ததில்லை.

அவன் வந்ததும் நேராகவே கேட்டாள். “ரத்தினபாய் ஆன்ட்டிக்கு எப்படிங்க தெரியும்?”

ஆபேல் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றான். “ஆண்கள் ஜெபக்கூட்டத்துல, இதுக்காக ஜெபிக்கச் சொல்லி குறிப்பு கொடுத்தேன்.”

“என்னன்னு?”

“மனைவி எழுதுற காரியம் தேவ சித்தப்படி நடக்கணும்னு.”

“அதுல ஜெனி பாடினது எங்கேர்ந்து வந்துச்சு?”

“விவரம் கேட்டாங்க. விவரம் தெரியாம எப்படி பாரத்தோட ஜெபிப்பாங்க?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊருக்குத் தெரியாமல் மறைக்கத்தான் அவன் ஜெபிக்கக் கேட்டிருக்கிறான். அதற்காக அதை ஊருக்கே சொல்லியிருக்கிறான். அல்லது சொல்லிவிட வேண்டும் என்றே ஒரு சாக்கு தேடினானோ? அவன் முகத்தில் அதைப் படிக்க முடியவில்லை.

“அப்ப நான் எழுதக்கூடாதா?”

ஆபேல் கட்டிலில் உட்கார்ந்தான். தெருவில் தண்ணீர் லாரி வந்து, நின்று, போனது.

“மூணாவது பாட்டு வரைக்கும் தட்டினா தனம்” என்றான்.

ஜெயசீலி லேப்டாப்பைத் திறந்தாள். நாயை அழித்தாள், ரேடியோவை அழித்தாள். ஜெனி பாடினதையும் அவன் சொன்னதையும் அவன் எதிரிலேயே எழுதினாள். தன்மேல் இரக்கம் வரவேண்டும் என்று சொல்லியிருப்பானோ என்ற நினைப்பு விசைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. ஆனாலும் எழுதினாள். ஒரே பிரதி, இருவருக்கும். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பப் போறேன்.”

“தனம் படிச்சாச்சா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தீபாவைச் சந்தேகப்பட்டாள், தினகரனைச் சந்தேகப்பட்டாள், பெற்ற மகளையும் விடவில்லை. யாருடைய கை கேட்டைத் தட்டியதோ அவளைக் கேட்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

“நம்பர் கூட இல்லையே.”

“என்கிட்ட இருக்கு” என்றான் ஆபேல்.

எப்போது வாங்கினான், ஏன் வைத்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. ஒருமுறையும் கூப்பிட்டிருக்க மாட்டான் என்பது மட்டும் அவன் போனை நீட்டிய விதத்தில் தெரிந்தது.

முதலில் தினகரனை அழைத்தாள். “சார், ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா? இதைப் படிக்க வேண்டியவங்க இன்னும் படிக்கல. அப்புறம், அந்த ரேடியோ பொய். எடுத்துட்டேன்.”

“பிரமாதம்னு வேற சொல்லித் தொலைச்சேனே” என்றார். “சரி மேடம், உங்க பக்கங்கள நிறுத்தி வைக்கிறேன். அவங்க வேணாம்னா வேணாம். சரின்னா ஒரு வரி குறைக்க மாட்டேன். சபையிலேர்ந்து நேத்தே ஒருத்தர் போன் பண்ணினாரு. பொழைப்பப் பாருங்கன்னு சொல்லிட்டேன்.”

அதை அவர் நேற்று சொல்லவில்லை. பயமுறுத்தவேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

தனம் உடனே எடுத்துவிட்டாள்; ஜெயசீலி பேரைச் சொன்னதும் அவள் குரல் உயர்ந்தது. “யாரு? மாடி வூட்டு அக்காவா! இன்னாக்கா, எத்தினி வருசமாச்சு? பாப்பா எப்படிக்கீது?”

ஜெயசீலி ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து படித்தாள். படித்து முடித்தபோது அந்தப் பக்கம் குக்கர் ஒருமுறை விசிலடித்து அடங்கியது.

“அல்லாம் சரிதான்க்கா” என்றாள் தனம். “மூணு பாட்டோட முடிஞ்சிச்சுன்ற மாரி இருக்கறத மட்டும் மாத்து. நான் தட்டறத வுட்டப்பறமும் பாடிக்கினுதான் இருந்தாங்க. எதுத்தாப்ல பாதி கட்டின வூட்டு மேல குந்திக்கினு அல்லாத்தையும் கேட்டேன். நல்லாத்தான் பாடுச்சு பாப்பா.”

உள்ளறை வாசலில் வந்து நின்ற ஜெனி, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“இதை நான் எழுதலாமா தனம்?”

“எழுது. என் பேர அப்பிடியே போடு, நான் இன்னா திருட்டுத்தனமா பண்ணேன்? ஆனா ஒண்ணு. சாருக்கு மனசே இல்லேன்ற மாரி எழுதாத. ரெண்டு வாட்டி படி வரிக்கும் எறங்கி வந்தாரு. கேட்டு இடுக்கு வழியா அவரு கால பாத்தேன். வந்துட்டு திரும்பி மேல போயிட்டாரு.”

தனம் போனை வைத்துவிட்டாள். தனம் சொன்னது அவனைக் காப்பாற்றுகிறதா, இன்னும் மோசமாக்குகிறதா என்று ஜெயசீலிக்குப் புரியவில்லை. வெறும் பயத்தில் பூட்டியவன் என்றுதான் அவள் எழுதியிருந்தாள். திறக்க வந்து, திரும்பிப் போனவன் என்று இனி எழுதவேண்டும்.

“நிஜமாவா?” என்று கேட்டாள்.

ஆபேல் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

“ரெண்டாவது பாட்டுல ஒரு தடவ” என்றான். “மூணாவதுல ஒரு தடவ. அப்ப சாவி கையில இருந்துச்சு.”

ஜெயசீலி எழுதத் தொடங்கினாள்.