முதல் மடக்கு

அந்தக் கப்பலின் சாப்பாட்டு அறையில் ஒரு வழக்கம் உண்டு. பயணி சொந்தமாக ஒயின் கொண்டுவந்தால், பரிமாறுபவன் அதை மேஜையிலேயே திறந்து, கொண்டுவந்தவருக்குத்தான் முதலில் ஒரு மடக்கு ஊற்றவேண்டும். அவர் ருசித்துத் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு. இதில் என்ன வில்லங்கம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அன்று பரிமாறியவன் தம்பிக்காரன். மேஜையில் உட்கார்ந்திருந்தது அவனுடைய சொந்த அக்காவும் அத்தானும். ஊழியர் குடும்பத்துக்குத் தரும் சலுகை டிக்கெட்டை அவன்தான் அனுப்பி வரவழைத்திருந்தான். போனில் அக்கா எப்போதும், "எனக்கென்னடா, ராணி மாதிரி இருக்கேன்" என்பாள். அந்தக் குரலை அவன் நம்பவில்லை. அம்மாவிடம் சந்தேகத்தைச் சொன்னால், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று வாயை அடைத்துவிடுவாள். அணைத்த லட்சணத்தை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் இத்தனை பாடும்.

பாட்டில் அக்காவுடையது. அத்தான் அவளை வேலையை விடவைத்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தனுப்பியது. பழைய ஸ்வெட்டரில் சுற்றித் தன் கையாலேயே கப்பலில் ஏற்றியிருந்தாள்.

"என்ன மச்சான், கோட்டும் கையுறையுமா! கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போ!" என்று அத்தான் பல்லைக் காட்டினார்.

தம்பி சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தான். வழக்கப்படி அக்காவின் கோப்பையில் ஒரு மடக்கு ஊற்றினான். அத்தான் நீட்டிய கோப்பை அப்படியே காற்றில் நின்றது.

"பாட்டில் அக்காவோடது அத்தான். அவங்க சொன்னாதான் உங்களுக்கு," என்றான், கேலியாக.

அக்கா ருசித்தாள். முகம் மலர்ந்தது. "நல்லாருக்குடா," என்றாள். உடனே அந்த முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்தியா, உங்கக்காவுக்கு ரசனை கூடிப்போச்சு," என்றார் அத்தான். வாய் சிரித்தது. வலது கை மேஜை விரிப்புக்குக் கீழே இருந்தது.

அக்காவின் மடியிலிருந்த துண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான் தம்பி. விரிப்புக்குக் கீழே அந்த ஆள் அவள் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டிருந்தான். இனி அவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது! பக்கத்து விரல் ஏற்கெனவே கோணலாக ஒட்டியிருந்தது. பழைய முறிவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் படக்கென்று ஒடிந்தது. அக்கா சத்தமே போடவில்லை. அந்த அளவுக்குப் பழக்கியிருந்தான் பாவி.

தம்பி எழுந்தான். பாட்டிலை மேஜைமேல் வைத்தான். அந்த ஆளின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் தட்டோடு சேர்த்து மோதினான். தட்டு இரண்டாக உடைந்தது. நிமிர்த்தி மறுபடி மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி விரிப்பெல்லாம் சிவந்தது. நாற்காலியோடு சாய்த்து விலாவில் மிதித்தான். "விரலையாடா ஒடிக்கிற? என் அக்கா விரலையா?" என்று கத்திக் கத்தி மிதித்தான். சுற்றி இருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நாலு காவலர்கள் சேர்ந்துதான் அவனைப் பிரித்தெடுக்க முடிந்தது.

கப்பலின் காவல் அதிகாரி வந்தார். "கப்பல்ல யாரு கை நீட்டினாலும் ஒரே சட்டம்தான். அடுத்த துறைமுகம் வரைக்கும் தனி ரூம்ல பூட்டுவோம். அங்க இறக்கி விட்டுருவோம்."

"சார், அவன் அக்கா விரல ஒடிச்சிட்டான் சார்!"

"நாங்க பார்த்தது உன்னைத்தான்பா."

"அவதான் வழுக்கி விழுந்து விரல ஒடிச்சுக்கிட்டா சார்," என்று தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான் அந்த ஆள். பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாக, "வாம்மா, நம்ம ரூமுக்குப் போலாம்," என்றான். அவன் அவளை அம்மா போட்டுக் கூப்பிட்டதும் தம்பிக்கு உறைத்தது. ஐயோ, ஆத்திரத்தில் அடித்துத் தீர்த்தாயிற்று! தன்னைக் கீழே கொண்டுபோய்ப் பூட்டிவிட்டால் இவள் இன்று ராத்திரி அந்த அறைக்குள் இவனோடு அல்லவா போகவேண்டும்!

"அக்கா, போகாதக்கா!" என்று திமிறினான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் கேட்டாள்: "யாரு கை நீட்டினாலும்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா, யாரா இருந்தாலும்."

விரல் ஒடிந்த வலதுகையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடதுகையால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்தாள். ஓங்கி அந்த ஆளின் கன்ன எலும்பில் இறக்கினாள். அவன் அம்மாவென்று அலறிச் சரிந்தான். மறுபடி ஓங்கி மண்டையில் போட்டாள். பாட்டில் சிதறியது. ஒயினும் ரத்தமுமாகத் தரையெல்லாம் ஓடியது. காவலர்கள் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் திமிறவில்லை.

"எனக்கும் தனி ரூம்தானே சார்?" என்றாள், மூச்சு வாங்க. "சாவிய அவர்கிட்ட மட்டும் குடுத்துறாதீங்க."