நாலாவது போல்ட்

என் பழைய சாகா காரின் பின்சீட்டைக் கழற்றி விற்றது நான்தான். எடை குறைந்தால் வண்டி பறக்கும் என்ற ஆசை. தினேஸ்வரி பிரசவத்துக்குச் சுங்காயில் அம்மா வீட்டுக்குப் போகும்போதே சொல்லிவிட்டாள், பின்சீட் இல்லாத வண்டியில் பிள்ளையோடு ஏறமாட்டேன் என்று. என் பொண்டாட்டி சொன்னால் சொன்னதுதான்.

பிள்ளைக்கு ஐந்தாம் மாதம், வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் தாயும் பிள்ளையும் வாசல் தாண்ட வேண்டும் என்று மாமியார் நாள் குறித்தார். நான் சீட் தேடி ஈப்போவுக்குப் போனது வியாழக்கிழமை. எதையும் கடைசியில் செய்கிற புத்தி. பழைய சாமான் கடையில் சாகா சீட் இல்லை, மைவி கார் சீட்தான் இருந்தது. இரண்டு விரல் அகலம் அதிகம். பரவாயில்லை என்று தூக்கிவந்தேன்.

விடிந்ததும் செமோரில் என் வீட்டு வாசலில் நானும் சுரேனும் அதோடு மல்லுக்கட்டினோம். சுரேன் பட்டறைக்காரன், நிதானமானவன். அந்த நிதானம்தான் எனக்கு எரிச்சல். ஓரத்தை அறுத்து, இரும்புப் பட்டை வைத்து, மூன்று போல்ட் இறுக்கியாயிற்று. நாலாவது துளை மட்டும் அரை அங்குலம் தள்ளி நின்றது. மணி ஒன்பது முப்பது.

"மச்சான், வேற ஓட்டை போட்டு மாட்டிருவோம். பத்து நிமிஷந்தான்லா," என்றான்.

ராகுகாலம் உனக்காகப் பத்து நிமிஷம் காத்திருக்குமா என்று கத்தினேன். அதே நேரம் தினேஸ்வரி போன் செய்தாள். சீட் கெட்டியாக இருக்கிறதா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கெட்டியாக இருக்கிறது என்றேன். சுரேன் என்னைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்தான்.

பத்து இருபதுக்குச் சுங்காய் வாசலில் நின்றேன். மாமியார் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். தினேஸ்வரி சீட்டைத் தடவிப் பார்த்தாள், குழந்தை இருக்கையை வைத்துப் பெல்ட் மாட்டினாள், சிரித்தாள். ஐந்து மாதமாக நான் பார்க்க ஏங்கிய சிரிப்பு. மாமனார் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா?

"ஒம்பது முப்பத்தஞ்சுக்கு மாமா. நாப்பத்தஞ்சே நிமிஷம்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற வழி அது. தினேஸ்வரி சாவிக்குக் கையை நீட்டினாள்.

"நான் ஓட்டுறேன். நீங்க பிள்ளையோட பின்னால உக்காருங்க."

பழம் நசுங்கியது. கிளம்பினோம். மகன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். முதல் வேகத்தடையில் என் பக்கம் அமுங்கி, அவன் பக்கம் சீட் ஒரு விரல் உயரம் எழும்பியது. விளையாட்டு என்று நினைத்து அவன் சிரித்தான். செமோர் வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போகலாம், அவளுக்குத் தெரியப்போவதில்லை. அழுத்தினேன். அடுத்த வேகத்தடையில் என் கையையும் மீறி எழும்பியது.

"தினேஸ், ஓரமா நிறுத்து. நாலாவது போல்ட்டு போடல. உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

நிறுத்தினாள். பிள்ளையை அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை.

"ராகுகாலம் பன்னெண்டு மணிக்கு முடியும். அதுக்குள்ள போட்டுட்டு வந்து கூப்பிடுங்க."

அம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள். பத்து நிமிஷ வேலைக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்துவிட்டுப் போனாள்.