பெர்சிஸ் சொன்ன விலை

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் குவாலிட்டி செக்கர். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதில் ஒரு தையல் பிசகினாலும் சாந்தகுமார் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குப் பெயர். அது போதாதென்று, வீட்டுச் செலவை எக்ஸெலில் போடுகிற ஆள் என்ற பெயரையும் நானே ஊதி ஊதி வளர்த்து வைத்திருந்தேன். கேன்டீனில் நிம்மதியாக டீ குடிப்பவனைக்கூட விடமாட்டேன். "இன்னாடா, சம்பளம் பத்தலன்னு அழுவறியே, கணக்கு எழுதறியா?" என்று ஆரம்பித்துவிடுவேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஷீட் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தேதி, பொருள், ஒதுக்கியது, செலவானது, மீதி. செலவு ஒதுக்கியதைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகும், தாண்டாவிட்டால் பச்சை. ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் என் மனைவி பெர்சிஸ் கையில் ஏழாயிரம் கொடுப்பேன். வாடகை, கரண்ட், மகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நான் பேங்கிலிருந்து கட்டிவிடுவேன். மளிகை, பால், காய், கறி அவள் பொறுப்பு. சாயங்காலம் நான் லேப்டாப்பைத் திறந்ததும் அவள் வந்து நின்று அன்றைய விலைகளைச் சொல்ல வேண்டும். நின்றுகொண்டுதான் சொல்வாள். உட்காரச் சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

முதல் மாதம் நாலு கட்டம் சிவந்தது. ஆடித் தீர்த்துவிட்டேன். "கடைக்காரன் சொன்னா வாய மூடிக்கினு குடுத்துட்டு வந்துடுவியா? பேரம் பேசத் தெரியாது?" என்று மகள் முன்னாலேயே கத்தினேன். அடுத்த மாதத்திலிருந்து ஒரு கட்டம்கூடச் சிவக்கவில்லை. மாதக் கடைசியில் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு என்று மீதியும் கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் சேமிப்புக் கணக்கில் போட்டேன். எட்டு மாதத்தில் ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது சேர்ந்திருந்தது. பெண்டாட்டியைத் திருத்திவிட்டோம் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

இது எச்.ஆர். நயீம் அகமது சார் காதுக்கும் போயிற்று. "லேபருக்கு சேமிப்பு பத்தி ஒரு ட்ரெயினிங் குடுக்கணும் சாந்தகுமார். வெளியாள கூப்ட்டா ஜாஸ்தி கேக்கறான். நீங்களே பேசிடுங்களேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை மதியம், ட்ரெயினிங் ஹாலில், தையல் லைனிலிருந்து நாற்பது பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ப்ரொஜெக்டரில் சுவர் அளவுக்கு எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு விரிந்தது.

"பாருங்க, எல்லாம் பச்சை," என்றேன். "எங்க வீட்ல முடியுது. உங்க வீட்ல மட்டும் ஏன் முடியல? மனசு வெக்கணும்."

முன் வரிசையில் ஆக்னஸ் இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக மெஷினில் இருப்பவள், யாருக்கும் பயப்படாத வாய். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தாள். "சார், இருபத்தாறு கிலோ அரிசி சிப்பம் ஆயிரத்து ஐம்பதா? எந்தக் கடை சார் அது?"

"ஏம்மா?"

"போன வாரம் நான் ஆயிரத்து ஐந்நூறு குடுத்தேன். அட்ரஸ் சொல்லுங்க, இப்பவே ஆட்டோ புடிச்சுப் போறேன்."

ஹாலே சிரித்தது. "அய்யோ, கடலை எண்ணெய் பாருடி, நூத்தம்பது! நான் இருநூறு குடுத்தேன்!" என்றாள் ஒருத்தி. "மட்டன் கிலோ நானூறாம், எங்க தெருவுல எண்ணூறு விக்குது. ஆட்டுக்கறிக்காரன் சாருக்கு மச்சான்போல" என்றாள் இன்னொருத்தி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வீட்ல பேரம் பேசி வாங்குவாங்கம்மா!"

"அரிசிக்கு நானூத்தம்பது ரூபா எவன் சார் கொறைப்பான்?" என்றாள் ஆக்னஸ். பிறகு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலக் கேட்டாள். "சார் கடைக்குப் போய் எவ்ளோ நாளாச்சு?"

சுவரைத் திரும்பிப் பார்த்தேன். ஆயிரத்து ஐம்பது என்பது பெர்சிஸ் கடையில் கொடுத்த விலை இல்லை. நான் ஒதுக்கிய விலை. எப்போதோ நான் கடைசியாக வாங்கியதை ஞாபகம் வைத்து நானே போட்டது. எல்லா வரியும் அப்படித்தான். எட்டு மாதமாக அவள் என் எண்களையே எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள்.  அப்படியானால் மீதிப் பணம் எங்கிருந்து வந்தது?

கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சம்பூர்ணம். வீடுகளுக்கு அப்பர் கொடுத்து, பெண்கள் கைத்தையல் போட்டதும் மூட்டையாகக் கொண்டுவந்து என் மேஜையில் செக்கிங்குக்கு வைப்பவள். எங்கள் பின்தெருக்காரி. கூட்டம் கலைந்ததும் அவளை செக்கிங் ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"உனக்கு இன்னாமோ தெரியும். சொல்லு."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பெர்சிஸ் அக்கா எட்டு மாசமா எங்கிட்ட வாங்கித் தைக்கறாங்க. ஜோடிக்குப் பதினாலு ரூபா. நீங்க டூட்டிக்குக் கெளம்பினதும் ஒக்காந்தாங்கன்னா, நீங்க வர்றதுக்குள்ள மூட்டை கட்டிடுவாங்க. கணக்கு என் பேர்லயே இருக்கட்டும்னாங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கின்னா?"

"நானும் கேட்டேன் சார். செவப்பு வந்தா வீடே பேஜாராயிடும்னாங்க."

மூலையில் நான் காலையில் கழித்துப் போட்ட அப்பர்கள் கிடந்தன. கழித்த ஜோடிக்குக் கூலி கிடையாது. அதில் எது பெர்சிஸ் தைத்தது என்று கேட்டேன். சம்பூர்ணம் தயங்கித் தயங்கி நாலு ஜோடியை எடுத்துக் காட்டினாள். தையல் லூஸ்தான், அதில் பொய் சொல்ல முடியாது. ஆனால் போன வாரம் பெர்சிஸ் விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காய் நறுக்கும்போது பட்டுவிட்டது என்றாள். "பாத்து நறுக்கத் தெரியாதா?" என்று அதற்கும் ஏசினேன். பிளாஸ்திரி இரண்டு ரூபாய் என்று ஷீட்டிலும் ஏற்றினேன். சீ, நானும் ஒரு மனுஷனா!

வீட்டுக்குப் போனேன். லேப்டாப் பையைக் கீழே வைத்ததும் பெர்சிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உக்காரு" என்றேன்.

உட்காரவில்லை. "இன்னாங்க ஆச்சு? ஏதாவது செவந்துட்டுதா?"

"அரிசி சிப்பம் இன்னா வெல?"

"ஆயிரத்து ஐம்பது" என்றாள், கண் இமைக்காமல்.

"நெஜ வெலய சொல்லு பெர்சிஸ்."

உள்ளே மகள் படித்துக்கொண்டிருந்தாள். பெர்சிஸ் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கத்தாதீங்க. அடுத்த மாசம் கம்மி பண்ணிடறேன்."

நான் கத்தவே இல்லை. மெதுவாகத்தான் கேட்டேன். "சம்பூர்ணம் சொல்லிட்டா" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவள ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான்தான் கெஞ்சிக் கேட்டேன். அவ பொழப்புல கை வெச்சிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவள் என்னிடம் இப்படிக் கெஞ்சினாள். ஹாலில் நாற்பது பேர் சிரித்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஷீட்டைத் திறந்து அரிசிக்கு ஆயிரத்து ஐந்நூறு போட்டேன், எண்ணெய்க்கும் கறிக்கும் ஆக்னஸ் கூட்டம் சொன்ன விலையைப் போட்டேன். சிவக்கட்டும் என்று விட்டேன். மேலே, என் சம்பளத்துக்குக் கீழே, புதிதாக ஒரு வரி சேர்த்து அவள் பெயரை அடித்தேன்.

"இனிமே இது உன் சம்பாத்தியம். உன் பேர்லயே இருக்கட்டும். மாசம் எவ்ளோ வருதுன்னு சொல்லு, போடறேன்" என்றேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் திரையில் தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அழிச்சிடுங்க."

"ஏன்?"

"அதுல போட்டீங்கன்னா, நாளைலேர்ந்து அதுக்கும் கணக்கு கேப்பீங்க."

கேட்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.