எங்கட ஆள்

"சின்னவளை வாசிக்கச் சொன்னா மேசைக்குக் கீழ போய் ஒளிச்சுக்கொள்ளுவாளாமே?"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டே கேட்டாள் ஜெனிஸ்ரனின் தாய். மகனின் கலியாணத்துக்கு நாள் குறிக்க, சுவிஸிலேயே இன்னொரு நகரமான பாடனிலிருந்து வந்திருந்தாள். மண்டபம், பூசை, சாப்பாடு என்று எல்லாம் கதைத்து முடித்தபிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல இதைக் கேட்டாள்.

பெண்ணின் தாய் இமெல்டா பற்றிஸ் தட்டோடு அப்படியே நின்றாள். மணப்பெண்ணாகப் போகும் மூத்தவள் யூஜினி எழுந்துபோய், தங்கை விளையாடிக்கொண்டிருந்த அறையின் கதவை மெல்லச் சாத்தினாள்.

"ஆர் சொன்னது?" என்றான் தகப்பன் செபஸ்ரியன்.

"கலியாணமெண்டா நாலு இடத்தில விசாரிக்கிறதுதானே அண்ணை. பரம்பரையில வாற வருத்தமோ எண்டுதான் எனக்குப் பயம். நாளைக்கு எங்கட பேரப்பிள்ளையளுக்கும்..."

நாள் குறிக்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "பிறகு கதைப்பம்" என்று இறங்கிப் போனாள்.

சின்னவள் பிரஷாந்தி மூன்றாம் வகுப்பு. எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரியும். பள்ளி உளவியலாளர் அவளைப் பார்த்து, தனியாக ஓர் ஆசிரியை பாடம் சொல்லித்தர வேண்டும் என்று அறிக்கை எழுதியிருந்தார். அதன்படி தனிப்பாடமும் நடந்துகொண்டிருந்தது. மேசைக்குக் கீழே ஒளிந்தது ஒரே ஒரு தடவை. முதல் நாள், அந்த உளவியலாளரின் அறையில். அவர் அதையும் அறிக்கையில் எழுதியிருந்தார். இமெல்டா அதை மன்னாரில் இருக்கும் சொந்தத் தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை.

"பள்ளிக்கூடத்தில இருந்துதான் போயிருக்கு" என்றாள் யூஜினி.

"ரீச்சருக்குப் பாடன்காரரை எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான் செபஸ்ரியன். மூவருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. அதை முதலில் சொல்ல மூவருக்குமே மனம் வரவில்லை.

வரதராசா அண்ணை.

அவர்களின் ஊர்ச்சபையின் பள்ளிக்குழுவுக்குத் தெரிவான முதல் தமிழர். அவருக்காக வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்டது செபஸ்ரியன்தான். "எங்கட ஆள் ஒருத்தர் உள்ளுக்கு இருந்தா எங்கட பிள்ளையளுக்குத்தானே நல்லது" என்று படிக்கட்டுப் படிக்கட்டாய் ஏறிச் சொன்னான். அவர் வென்ற அன்று இமெல்டா முதியோர் இல்லத்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு றோல்ஸ் சுட்டுக் கொண்டுபோனாள்.

மறுநாள் இமெல்டாவும் யூஜினியும் ஊர்ச்சபை அலுவலகமான கெமைண்டேக்குப் போனார்கள். பள்ளி விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரி மரியாதையாக இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். தனிப்பாடத்துக்கான செலவைப் பள்ளிக்குழு அங்கீகரிக்க வேண்டும். அதனால் அறிக்கையைக் குழு உறுப்பினர் ஒருவர் படிப்பார் என்றார்.

"தமிழ்க் குடும்பங்களுடையதை எல்லாம் திரு. வரதராசாவிடமே கொடுத்துவிடுகிறோம். உங்கள் கலாசாரம் அவருக்குத்தானே தெரியும். உங்களுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோம்."

"முழு அறிக்கையுமா? பெயரோடா?" யூஜினி ஜெர்மனில் கேட்டாள்.

"பெயர் இல்லாமல் எப்படி? அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். இதுவரை யாரும் முறையிட்டதில்லை."

அவர் சிரித்த சிரிப்பில் கள்ளமில்லை. அதுதான் இமெல்டாவுக்குப் பயமாக இருந்தது. எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளினதும் குறைகள் ஒரே மனிதரின் மடியில். எந்த ஒன்றுகூடலிலும் வரதராசா உள்ளே வந்தால் பெண்கள் ஏன் பேச்சை நிறுத்துகிறார்கள், தகப்பன்மார் ஏன் பாய்ந்துபோய்க் கதிரை எடுத்துப் போடுகிறார்கள் என்று படியிறங்கும்போது அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் அதை மரியாதை என்று நினைத்திருந்தாள்.

அன்று பின்னேரம் வரதராசாவே வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, அவை என்னட்டக் கேட்டவை. பொய் சொல்லச் சொல்லுறீரோ? கட்டினாப் பிறகு தெரிஞ்சா யூஜினிக்குத்தானே கஷ்டம்."

"அது உங்கட வாயால போக வேண்டிய கதையோ, அண்ணை?"

"சரி, விடும். வழி சொல்லத்தான் வந்தனான். அந்தத் தனிப்பாடம் வேண்டாமெண்டு சொல்லிப்போடுங்கோ. பிள்ளை சரியாயிட்டுது எண்டு நான் அங்க முடிச்சுவிடுறன். பாடனுக்கும் நானே கதைக்கிறன். என்ர சொல்லை அவை தட்டாயினம்."

செபஸ்ரியன் முதுகு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த மனிதர் அவர். அதே கனிவோடுதான் இப்போதும் பேசினார்.

அவர் போனதும் செபஸ்ரியன் நிலத்தைப் பார்த்தபடி, "அந்தப் பாடம் ஒரு வருசத்துக்குத்தானே... நிப்பாட்டினா என்ன?" என்றான்.

யூஜினி ஜெனிஸ்ரனுக்குப் போன் எடுத்தாள். அவளுடைய மத்தியான இடைவேளையில் ஒரு கோப்பி சேர்ந்து குடிப்பதற்காகவே பாடனிலிருந்து அவள் வேலைசெய்யும் ஓல்டனுக்கு ரயிலேறி வருகிறவன் அவன்.

"நீர் என்ன சொல்லுறீர், ஜெனி?"

"அவர் சொல்லுற மாதிரிச் செய்தா பிரச்சினை முடிஞ்சிடும்தானே? அம்மாவும் சமாதானமாயிடுவா."

"அவள் இப்பதான் ஒரு பக்கம் முழுக்க வாசிக்கிறாள். அதை நிப்பாட்டிப்போட்டு எனக்குக் கூறைச் சீலை வேண்டாம்."

அவன் ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தாள். பிறகு வைத்துவிட்டாள். குளியலறைக்குள் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. இமெல்டா கதவுக்கு வெளியே நின்றாள், தட்டவில்லை.

மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பெண் இமெல்டா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். ஒரு குடும்பம் மட்டும் முறையிட்டால் ஒருவர் வாய் தவறியதாக முடிந்துவிடும், இன்னும் சிலர் வந்தால் இந்த நடைமுறையையே கேள்வி கேட்கலாம் என்றாள். இமெல்டா தெரிந்த தாய்மாருக்கெல்லாம் போன் எடுத்தாள்.

"எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லையே அக்கா. நான் ஏன் வரோணும்?"

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஒருத்தி அதைச் சொல்லிவிட்டு விம்மினாள். முறையிட வந்தாலே பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். வரதராசாவைக் காப்பாற்ற வேறு காவல் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் பங்கு மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இமெல்டா மகளுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"உன்னைப் பற்றி இவைக்கு அம்மா சொல்லட்டோ, பிள்ளை?"

அப்படி அவளிடம் கேட்டவர்கள் இதுவரை யாருமில்லை. பிரஷாந்தி கேக்கை மென்றபடி யோசித்தாள்.

"சொல்லுங்கோ. ஆனா கணக்கில நான் கெட்டிக்காரி எண்டும் சொல்லோணும்."

இமெல்டா எழுந்து நின்றாள்.

"என்ர மகள் பிரஷாந்திக்கு வாசிக்கக் கஷ்டம். பள்ளிக்கூடத்தில தனிப்பாடம் எடுக்கிறாள், இனியும் எடுப்பாள். கணக்கில கெட்டிக்காரி. இதை இனி ஒருத்தரும் ஒளிச்சு வைச்சுக் கதைக்கத் தேவையில்லை. உங்கட பிள்ளையளின்ர கதையும் இப்பிடி வெளியில போயிருந்தா, என்னோட வாங்கோ. முறைப்பாடு குடுப்பம்."

தாய்மார் பிள்ளைகளை அருகே இழுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். இமெல்டாவின் பக்கம் அல்ல, வாசலோரம் நின்ற வரதராசாவின் பக்கம்.

அவர் கோப்பிக் கோப்பையை ஏந்தியபடி, யார் யாருடைய கண் கலங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

இமெல்டா உட்காரவில்லை.