வெறும் வண்டி ஓட்டம்

நாலாவது பொத்தானை எங்கே வைப்பது என்பதுதான் நாங்கள் இருவரும் கடைசியாகப் பேசிய விஷயம்.

சாப்பாட்டு மேசையில் கடற்கரைச் சாலையின் வரைபடம் விரிந்து கிடந்தது. ஒரு மூலை சுருண்டுகொண்டே இருந்ததால் அதன்மேல் சர்க்கரை டப்பாவை வைத்திருந்தோம். என் தையல் பெட்டியிலிருந்து எடுத்த பொத்தான்கள்தான் நிறுத்தங்கள். கலங்கரை விளக்கத்துக்கு ஒரு சட்டைப் பொத்தான், பாலத்தடிச் சாப்பாட்டுக் கடைக்குப் பச்சை, உப்பளத்துக்கு வெள்ளை. பழைய கோட்டிலிருந்து உதிர்ந்த பெரிய கறுப்புப் பொத்தானை நான் மலை வளைவில் வைத்தேன். அவர் சீருடைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே அதை அரை விரல் தள்ளி வைத்தார்.

"அந்த வளைவுல நிறுத்தினா பின்னால வர்றவன் நேரா நம்ம டிக்கியில வந்து உட்காருவான். கொஞ்சம் தாண்டி நிறுத்திக்கலாம்."

"தாண்டினா அந்தக் காட்சி தெரியாதுங்க."

"அப்ப நடந்து திரும்பி வா. சரி, சாயங்காலம் பேசிக்கலாம். நான் போனதும் பொத்தானை நகர்த்தாத, திருத்தம்மா."

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நான் நாட்காட்டி அடிக்கும் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். அந்தப் பெயர் அப்படி வந்தது. அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் நான் பொத்தானைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டேன்.

அந்த வளைவு ஒரு நாட்காட்டியில்தான் எனக்கு அறிமுகம். தேதிகளைச் சரிபார்க்கிற வேலையில் படங்களைப் பார்க்க நேரமிருக்காது. ஆனால் அந்தப் படம் என் கண்ணைப் பிடித்து இழுத்தது. பாறையை அணைத்துத் திரும்பும் சாலை, கீழே தொலைவில் கடல். போகலாமா என்று அவரிடம் கேட்டேன். "வேலை நாளெல்லாம் ரோட்டைப் பார்க்கிறவனுக்கு லீவுலயும் ரோட்டைக் காட்டணுமா? என்னைத் தூங்க விடு தாயே" என்றார். வருடாவருடம் கேட்டேன். வருடாவருடம் அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். இந்த வருடம்தான், என்ன தோன்றியதோ, வரைபடத்தை வாங்கிக்கொண்டு அவரே வந்தார்.

ஒப்புக்கொண்ட பிறகு ஆள் அடியோடு மாறிவிட்டார். நிழல் இல்லாத இடம் வேண்டாம், கழிப்பறை இல்லாத இடம் வேண்டாம், வண்டி திருப்ப இடமில்லாத இடம் சொர்க்கமாகவே இருந்தாலும் வேண்டாம். போகும்போது உள்நாட்டு நெடுஞ்சாலையில் கடைக்கோடி வரைக்கும் போய்விட வேண்டும், திரும்பும்போதுதான் கடற்கரைச் சாலை என்றார். "ஏன், போறப்பவே கடலைப் பார்த்தா ஆகாதா?" என்று கேட்டேன்.

"போறப்ப கடல் என் பக்கம் வரும். நான் கடலைப் பார்த்தா வண்டி கடலுக்குள்ள போயிடும். வர்றப்ப அது உன் பக்கம் வரும். நீ பாரு, நான் ரோட்டைப் பார்க்கிறேன்."

அவர்கள் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. புதிய தடத்தில் பயணிகளை ஏற்றுவதற்கு முன், ஓட்டுநர் ஒருமுறை காலிப் பேருந்தை அதில் ஓட்டிப் பார்ப்பார். வெறும் வண்டி ஓட்டம் என்பார்கள். எந்த நிறுத்தத்தில் மரக்கிளை இடிக்கும், எங்கே பள்ளம் என்று தெரிந்துகொள்ளத்தான். அதைச் செய்யாமல் ஆளை ஏற்றுகிறவன் ஓட்டுநரே இல்லை என்பது அவருடைய கட்சி. நான் அதைப் பேச்சாக மட்டும்தான் கேட்டிருந்தேன்.

மத்தியானம் பணிமனை மேலாளர் அச்சகத்துக்குத் தொலைபேசி செய்தார். கடைசி நிறுத்தத்தில் பேருந்தை ஒழுங்காக நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கின்மேல் அப்படியே சாய்ந்திருக்கிறார். இதயம். ஒரு பயணிக்கும் ஒரு கீறல் இல்லை என்று மேலாளர் அழுதுகொண்டே சொன்னார்.

அந்த நொடியில் எனக்குள் முதலில் வந்தது அவர் முகம் அல்ல. 'அப்போ அந்த வளைவு?' என்பதுதான். அது ஒரு நொடி வந்து போனது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் முதலில் வந்தது அதுதான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார இடம் வேண்டி மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். வரைபடத்தை யாரும் எடுக்கவில்லை. என் நாத்தனார் அதன் முன்னால் போய் நின்றாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகிப்போய், யார் ஓட்டினாலும், சோபாவில் உட்கார்ந்து படம் பார்த்தாலும்கூட, அவள் இடது கால் தரையை அழுத்தும். 'பிரேக்கு' என்றுதான் அவள் அண்ணன் கூப்பிடுவார்.

"என்ன அண்ணி இது?"

"டூர் போகலாம்னு இருந்தோம்."

"இவ்வளவு ஆசையா வச்சிருந்தானா? வாயைத் திறந்து சொல்லவே இல்லையே பாவி!" என்று பச்சைப் பொத்தானைத் தொட்டபடி உடைந்து அழுதாள்.

என் ஆசை என்று அங்கே எப்படிச் சொல்வது? அவருடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு அவள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "புருஷன் போய் நாளாகல, அதுக்குள்ள ஊர் சுற்றவா?" என்று என் மாமியார் கேட்டபோது, "அண்ணனோட கடைசி ஆசைம்மா, நீ குறுக்கே நிக்காத" என்று பெற்ற தாயிடம் பேச்சை முறித்துக்கொண்டாள். பணிமனையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதையே சொன்னாள். இயந்திரப் பிரிவு ஆட்கள் எங்கள் காரைக் கேட்டு வாங்கிப்போய்ச் சக்கரம் முதல் விளக்கு வரை பார்த்துக் கொடுத்தார்கள். "எங்க அண்ணன் ஆசை, நாங்க செய்யாம யார் செய்வா?" என்று ஒரு முரட்டு ஆள் என் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஆனால் உள்ளுக்குள் போகவேண்டும் என்றுதான் இருந்தது. துக்கத்தில் சோறு இறங்காத தொண்டைக்கு அந்த வளைவை நினைத்தால் மட்டும் எச்சில் ஊறியது. கண்ணாடி முன் நிற்கவே கூசியது.

கடைசியில் நானும் நாத்தனாரும் கிளம்பினோம்; அவள்தான் ஓட்டினாள். காரில் ஏறும்போது அவள் பக்கக் கால்மிதியில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. "வண்டியை இழைச்சு இழைச்சுத் துடைச்சவனுங்க இதை விட்டுட்டானுங்க பாருங்க" என்றாள் நாத்தனார். கட்டட வேலை நடக்கிற தெரு எதிலாவது அவர் மிதித்திருப்பார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னபடியே உள்நாட்டு வழியாகப் போய், கடைக்கோடியில் ஒரு விடுதியில் தங்கி, காலையில் கடற்கரைச் சாலையில் திரும்பினோம். கலங்கரை விளக்கத்தில் அவள் எனக்காக ஏறி, எனக்காக மூச்சு வாங்கி இறங்கினாள். என் முழங்கால் அத்தனை படி தாங்காது. "அண்ணன் பார்த்திருக்க வேண்டியது அண்ணி" என்று கடலைப் பார்த்துக் கைகுவித்தாள். நானும் குவித்தேன். என் கண்ணோ அலையைத் திருட்டுத்தனமாக ரசித்துக்கொண்டிருந்தது.

பாலத்தடிக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது, கடைக்காரம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். எங்கள் கார் வெள்ளை, இடது முன்கதவு மட்டும் நீலம். விபத்தில் போன கதவுக்குப் பதில் கிடைத்தது அந்த நிறம்தான்.

"நீலக் கதவு! வந்துட்டீங்களா? எங்க டிரைவர் சார்? முழங்கால் வலிக்கிற அம்மா நீங்கதானே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா விடாமல் பேசினார். "மழை வர்ற மாதிரி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னந்தனியா வந்தாரே. சாப்பிட வந்தவர் மாதிரியா இருந்தார்? கழிப்பறைக்கு எத்தனை படின்னு பார்த்தார். ஒவ்வொரு நாற்காலியிலயும் உட்கார்ந்து பார்த்தார். இது ஆடுது, அவளுக்கு ஆகாதுன்னுட்டார். அந்தக் கைவச்ச நாற்காலியை ஜன்னலோரம் அவரே தூக்கிப் போட்டுட்டு, யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார்."

சிறப்புப் பணி என்று சொல்லிவிட்டு அவர் போன ஞாயிறு எனக்கு ஞாபகம் வந்தது. வெறும் வண்டி ஓட்டம்.

"கடல் பிடிக்குமான்னு கேட்டேன்" என்று கடைக்காரம்மா சிரித்தார். "அதுக்கு அவர், எனக்கெங்க, கடலைப் பார்த்தா கொட்டாவிதான் வருது, எல்லாம் என் வீட்டம்மா ஆசை, வருஷக்கணக்கா நச்சரிச்சு ஜெயிச்சுட்டான்னார். இப்பவும் வண்டியிலயே தூங்குறாரா என்ன?"

நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. அவள்தான் பதில் சொன்னாள். "என் அண்ணன் தவறிட்டாருங்க."

அந்தம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. பிறகு எங்களை ஜன்னலோரம் உட்காரவைத்தார். அந்தக் கைவைத்த நாற்காலி எனக்கு அளவெடுத்தது போல இருந்தது. எதிரே கடல். சாப்பாட்டில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. நாத்தனார் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தாள்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மைக்குல பேசினேன் அண்ணி. அத்தனை பேர் முன்னால."

"தெரியும்."

"அம்மாகிட்ட இன்னும் பேசாம இருக்கேன்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை, எனக்குத்தான் ஆசைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "தெரியல" என்றாள். பிறகு, "திட்டியிருப்பேன். அண்ணன் இல்லாம உங்களுக்கு என்ன ஊர் சுற்றல்னு நானே கேட்டிருப்பேன்."

"அது நியாயம்தான். எனக்கு இப்பவும் போகணும்னுதான் இருக்கு. காலையிலேர்ந்து சந்தோஷமா வேற இருக்கு. அதைத்தான் தாங்க முடியல."

சொன்னபிறகு முகத்தைத் தூக்க முடியவில்லை. அவள் காலடியில் இருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்த இடத்து மணல் என்று இப்போது எனக்குத் தெரியும். தொலைபேசி வந்த அந்த முதல் நொடியைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "கொட்டாவி வருதுன்னானாம். அவ்வளவு தூரம் தனியா வந்து, நாற்காலி நாற்காலியா உட்கார்ந்து பார்த்திருக்கான், அந்தத் தூங்குமூஞ்சி" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. அவள் இடது கால் வழக்கம்போலத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

வண்டியைக் கிளப்பி வலதுபக்க விளக்கைப் போட்டாள். அது டிக் டிக்கென்று அடித்தது. கடையிலிருந்து சாலைக்கு ஏறி மேற்கொண்டு வளைவை நோக்கிப் போவதற்கும் அதுதான். வளைவே வேண்டாம் என்று சாலையைக் கடந்து வந்த வழியே திரும்புவதற்கும் அதுதான். எங்கே போகிறோம் என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்தாள். போனது. கார் மெல்லச் சாலையில் ஏறியது.

நான் தலையை நிமிர்த்தினேன். கடல் என் பக்கமே இருந்தது.