ஒற்றைக்காற் பறவை

பல நாள் விடாது பெய்த மழை ஒருவாறு ஓய்ந்து, ஈரம் கோத்த ஓடுகளெல்லாம் வெயிலுக்கு முதுகைக் காட்டி ஆவி விட்டுக்கொண்டிருக்க, ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி ஊருக்குள் நுழையும் ஒரே பெருந்தெரு, மணிக்கூண்டை வளைந்து, மருந்துக் கடை, பூட்டுக் கடை, தையற் கடை என ஒவ்வொன்றையும் நலம் உசாவிக்கொண்டே நடந்து, நூலகத்தின் கற்படிகளில் போய் முடியும் அச்சிற்றூரில், கதிரவன் நன்கு மேலேறிய முற்பகல் வேளை. எந்த வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாலும் துணிமயம். கொடியில் இடம் போதாமல் வேலியிலும், வேலியில் இடம் போதாமல் கிணற்றுச் சுவரிலுமாகப் போர்வைகளும் சட்டைகளும் திரைகளும் கிடந்து காய்ந்தன. படிப்போரே, இத்தகைய நல்லதொரு வெயில் நாளில்தான், பிழையே செய்தறியாதவர் எனத் தம்மைத் தாமே நெடுங்காலம் நம்பியிருந்த நூற்கட்டாளர் ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பிழையைச் செய்தார்.

நூலகத்திற்கு எதிரே இருந்தது அவர் வீடு. முன்னறையில் அவர் கிழிந்த நூல்களைத் தைத்து, பசையிட்டு, அழுத்திக் கட்டுவார். உள்ளறையில் அவர் மனைவி பழந்துணிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, நிறத்தோடு நிறம் சேர்த்துத் தைத்துப் போர்வைகள் ஆக்குவாள். ஆகவே அவ்வீட்டில் எந்தத் துணிக்கும் இறப்பு என்பதே கிடையாது. நைந்த சட்டை போர்வையாகும். போர்வைக்கு ஆகாதது கஞ்சியில் தோய்ந்து, கொடியில் விறைத்து, நீள நீளமாய் வெட்டுண்டு, ஏதேனும் ஒரு நூலின் முதுகில் ஒட்டிக்கொண்டு இன்னொரு தலைமுறை வாழும். வந்த விருந்தினரின் சட்டை முழங்கையைக் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கூர்ந்து நோக்க, அவர் அஞ்சி மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டதும் உண்டு. துணிக்காக அவர்களிடையே மூண்ட பூசல்கள் பல. அவற்றின் முடிவில் ஏற்பட்டதே கொடியின் உடன்படிக்கை. கொடியின் நடுவே நின்ற முட்டுக்கழிக்கு இப்பால் அவள் துணி, அப்பால் அவர் துணி. அவ்வெல்லையை இருவரும் மதித்தனர்.

அவளிடம் ஒரு தலையணை உறை இருந்தது. தாயை இழந்த அவளைப் பள்ளிப்படிப்பையும் விட்டுவிட்டு வளர்த்தெடுத்த தமக்கை, தன் இளமையில் வண்ண நூல் கொண்டு அதில் ஒரு பறவையைத் தைத்திருந்தாள். நீல இறகு, மஞ்சள் அலகு, சிவந்த கால். ஆம், ஒரே கால். இரண்டாங்காலைத் தைக்கத் தொடங்குமுன், முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்த தங்கை கல்லில் விழுந்து முகவாய் பிளந்து அலற, ஊசியைப் போட்டது போட்டபடி ஓடிய தமக்கை, அதன்பின் அப்பூத்தையலைக் கையில் எடுக்கவேயில்லை. முகவாயில் தழும்பும் உறையில் ஒற்றைக்காலும் அன்றைய நினைவாகத் தங்கிவிட்டன. "இன்னொரு கால் எங்கேக்கா?" என்று சிறுமி நச்சரித்தபோதெல்லாம், "அது பறக்கப் போகுதுடி, பறக்கறதுக்கு எதுக்குக் காலு?" என்பாள் தமக்கை. அவள் மறைந்து ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அவள் கைப்பட்ட பொருளென்று எஞ்சியது அவ்வுறை ஒன்றே.

இப்போது மகள் தன் முதல் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வரவிருந்தாள். வரும் குழந்தைக்கு ஒரு போர்வை. அதன் நடுவே அப்பறவை. இதுவே அவள் எண்ணம். உறையின் தையலைப் பிரித்து விரித்து, துவைத்து, நறுக்கும்போது நெளியாதிருக்கக் கஞ்சியிட்டாள். நூலின் நிறம் வெளுக்காதிருக்கப் பின்புறத்தை மேலே காட்டித் திருப்பிப் போட்டாள். மழை சேர்த்துவைத்த துணியெல்லாம் அவள் பக்கத்தை நிறைத்திருந்தமையால், இந்த ஒருமுறை மட்டும் என்று முட்டுக்கழிக்கு அப்பால் போட்டாள். எல்லை மீறுகையில் உள்ளம் ஒருமுறை உறுத்தத்தான் செய்தது. அடுப்பில் பால் பொங்கும் ஒலி கேட்டு அவ்வுறுத்தலையும் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

நூற்கட்டாளரோ நூலகத்தின் பேரகராதியை அன்றே தருவதாக வாக்களித்திருந்தார். மேற்கே கருமுகில் ஒன்று தலைகாட்டவே, தம் பக்கத்துத் துணிகளை ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு வந்தார். அவற்றுள் ஒன்றில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாய் நூலோடியிருந்தது. இழைவிட்ட இடத்தில் யாரோ பொறுமையாய்ப் போட்ட ஒட்டுத்தையல் என்று கருதி, ‘அகராதியின் கனத்தைத் தாங்க இதைவிட வலுவான துண்டு ஏது?’ என மகிழ்ந்து, அப்பகுதியை அகலமாக வெட்டி, மேற்புறம் மேலாகவே வைத்து, பசை தடவிய நூல் முதுகில் அழுத்தித் தேய்த்து, அட்டையும் போட்டு, மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டார். கடமையை முடித்த நிறைவில் திரும்பி வருகையில் சீழ்க்கையும் அடித்தார்.

"என்னங்க, அக்காவோட உறையைப் பார்த்தீங்களா? கொடியில போட்டிருந்தேன்."

இவ்வொரு கேள்வியில் சீழ்க்கை நின்றது. வெட்டி எஞ்சிய துண்டுகளை உள்ளம் ஓடிப் பார்த்தது. அவற்றின் ஓரத்தில் நீலநூல் வளைவு இருந்ததைக் கண்கள் இப்போதுதான் அவருக்குச் சொல்லின. வாய் மட்டும் வேறொன்றைச் சொல்லிற்று.

"காத்து அடிச்சுதே, பறந்திருக்கும்."

அவள் நம்பினாள். நம்பியதே கொடுமை. முழங்கால் வலியோடு ஏணி வைத்துப் பக்கத்துவீட்டுச் சுவரேறிப் பார்த்தாள்; கிணற்றுள் விளக்கு இறக்கிப் பார்த்தாள்; தெருக்கோடி வரை வீடு வீடாய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து அமர்ந்தாள். நூற்கட்டாளரும் கூடவே நடந்து தேடுவதாய் நடித்தார்.

மறுநாள் நூலகம் திறந்ததும் திறக்காததுமாய் அங்கு நின்றார். நூலகத் தலைவியாம் அம்மையார் கிண்டலுக்குப் பேர்போனவர்.

"அந்த அகராதியைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்கம்மா."

"ஏன் அண்ணே, நேத்துத்தானே கொண்டாந்தீங்க?"

"பைண்டிங் சரியில்லை."

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். "யாரோட பைண்டிங்? உங்களோடதா? யானை மிதிச்சாலும் பிரியாதுன்னு நேத்து இதே இடத்துல நின்னு சொன்னது யாரு, உங்க தம்பியா?"

"தப்பு நடந்துபோச்சும்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க. உள்ளே பெருக்கறவங்களையும் கூப்பிடறேன், அவங்களும் கேக்கட்டும்."

தம் தொழிலின் நேர்த்தியில் ஒரு சொல் குறையும் பொறாதவர், அன்று தலைகவிழ்ந்து நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தைக் கண்ட அம்மையார் நகைப்பை அடக்கி, மறுசொல் இன்றி நூலை எடுத்துக் கொடுத்தார்.

முன்னறையில் அமர்ந்து கத்தியை எடுத்தவர், உடனே கீழே வைத்தார். நனைத்தால் பசை இளகும், ஆனால் அட்டையின் சாயமும் இளகித் துணியில் ஏறும். உலர்ந்தபடி உரித்தால் துணி வரும், பூத்தையல் நூல் தாளோடு நின்றுவிடும். தாம் இட்ட பசை எத்தகையது என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? நூலை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குச் சென்றார்.

"காத்து இல்லை. நான்தான்."

அவர் சொன்னவற்றையெல்லாம் அவள் அசையாது கேட்டாள். பின் ஒன்றே ஒன்று வினவினாள். "நேத்து நான் சுவரேறிப் பார்த்தப்போ, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் விழுந்துடப் போறேன்னு ஏணியைக்கூடப் பிடிச்சீங்களே."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அதன்பின் அவ்வீட்டில் பேசியவை ஏனங்கள் மட்டுமே. அவையும் உரக்கவே பேசின. துணியை வெட்டியது அவளைச் சுட்டது மெய்யே. தெரிந்தும் தன்னைத் தேடவிட்டதே ஆழமாய்ச் சுட்டது. அதை அவள் எளிதில் பொறுத்தாளென்று நான் சொன்னால் அது பொய்யாகும்.

உச்சி சாய்ந்த பின், ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, "காட்டுங்க," என்றாள்.

கனத்த நூலை நடுவில் விரித்து அவர் உயர்த்திப் பிடிக்க, அட்டையின் முதுகு வில்லாய் வளைந்து விலகி, நூல் முதுகுக்கும் அட்டைக்கும் இடையே சிறு குகை போலொரு வெளி திறந்தது. சாளரத்து ஒளி அதனுள் நுழைய, அவள் ஒரு கண்ணை மூடி உள்ளே நோக்கினாள். பறவை அங்கேதான் இருந்தது. ஆனால் அவள் நாளெல்லாம் கண்ட முன்புறமன்று. என்றுமே உற்றுக் கண்டிராத பின்புறம். இறகின் நீலத்தில் முடிச்சு, அலகின் மஞ்சளில் முடிச்சு, எங்கும் சின்னஞ்சிறு முடிச்சுகள். அந்த ஒற்றைக்காலின் நுனியில் மட்டும் முடிச்சில்லை. சிவப்பு நூல் அப்படியே வெளியே வந்து, வெட்டப்படாமல், எங்கோ போகக் கிளம்பியது போல் நீண்டு, பசையில் படிந்து கிடந்தது.

மற்றக் கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"முடிச்சுகூடப் போடலைங்க," என்றாள் கடைசியில். "நான் கத்தினதும் அப்படியே விட்டுட்டு ஓடி வந்திருக்கா."

"கிழிச்சு எடுத்துடறேன். நூலகத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"வேண்டாம். இழுத்தா அந்தக் கால் உருவிட்டு வந்துடும். இத்தனை தடவை துவைச்சும் நின்னதே பெரிசு. இப்ப உங்க பசையாவது பிடிச்சு வெச்சிருக்கு." முகவாய்த் தழும்பை விரலால் தடவினாள். "என்னைப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டு வெளியவே நிப்பா. இப்பவாவது உள்ளே இருக்கட்டும்."

அகராதி நூலகத்திற்கே திரும்பிற்று. "சரி பண்ணிட்டீங்களா அண்ணே?" என்று கேட்ட அம்மையாரிடம், "இல்லைம்மா, சரியாத்தான் இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வந்துவிட்டார்.

போர்வையின் நடுவிடம் வெறுமையாயிருந்தது. துண்டு சேர்ப்பதன்றிப் பூத்தையல் பழகாத அவள், வெள்ளைத் துணியில் தானே ஒரு பறவையைத் தைக்க அமர்ந்தாள். அவளோடு இன்னும் முழுதாய்ச் சமாதானம் எய்தாத கணவர், கேளாமலே அருகமர்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பறவை சற்றே வாத்தாகத்தான் வந்தது. அதைச் சொல்லுமளவு அவருக்குத் துணிவில்லை.

"இதுக்கு ரெண்டு காலும் வெச்சுடறேன்," என்றாள். "இல்லைன்னா குழந்தை கேட்டு நச்சரிக்கும்."

முதற்காலின் கடைசித் தையலில் ஊசி பின்புறம் இறங்கிய நேரம், வாயிற்கதவு கிறீச்சிட்டது. பெட்டியொன்று தரையில் விழும் ஓசை எழுந்தது; தொடர்ந்து "அம்மா!" என்றொரு குரல். ஊசி எங்கே, துணி எங்கே என்று அவள் பார்க்கவில்லை. முழங்கால் வலியும் நினைவில்லை. அவர் எழுந்திருப்பதற்குள் அவள் வாசலில் இருந்தாள். கனத்த வயிறோடு படியில் கைபிடித்து நின்று சிரித்த மகளைத் தாங்கிக்கொண்டிருந்தாள். விழுந்தது பெட்டி மட்டுமே.

உள்ளறையில் நூற்கட்டாளர் குனிந்து துணியை எடுத்துத் திருப்பினார். ஒற்றைக்காலின் நுனியில், முடிச்சிடப்படாத சிவப்பு நூல் ஊசியோடு தொங்கியது.

அந்திவேளையில் மகளை உண்ணச் செய்து உறங்கவைத்துவிட்டு வந்தவள் அதைக் கையில் எடுத்தாள், பின்புறத்தை நோக்கினாள், கணவரை நோக்கினாள். பல நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. ஊசியைக் கழற்றித் தையற்பெட்டியில் குத்திவைத்தாள். இரண்டாங்காலைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் முன்னறைக்குப் போய்ப் பசைக்கிண்ணத்தைக் கொண்டுவந்து, தம் மெல்லிய தூரிகையால், அந்த நூல்நுனியின் மேல் ஒரு துளி வைத்து, உலரும்வரை விரலால் அழுத்திக்கொண்டு அமர்ந்திருந்தார்.

படிப்போரே, நிறைவாய் முடிந்த பொருள்கள் உலகில் பல. அவை அழகியன, போற்றற்குரியன. ஆயினும் ஒரு குரலுக்காக இடையிலே விட்டெழுந்த பணியொன்று எந்த வீட்டிலேனும் மடித்து வைக்கப்பட்டிருக்குமாயின், அதைக் குறையென்று எண்ணி நிறைவு செய்ய முனையாதீர். அங்கே ஒருத்தி ஊசியை விட்டுவிட்டு ஓடிவந்தாள். யாருக்காக ஓடிவந்தாளோ, அவர் இன்னும் நலமாக இருக்கிறார்.